சிசிஎன்ஏ தேர்வுக்குப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நெட்வொர்க் வேலையில் இருப்பவன். சிசிஎன்ஏ தேர்வை எழுதி முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை தேறினேன். அதற்கப்புறம் வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் தானாக என் தலையில் வந்து விழுந்தது. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும், நான் சொன்ன பதில்களும் இவை. சில பதில்கள் நீளம், சில ஒற்றை வரி. கேள்வியின் கனம் அப்படி.

இது என்ன தேர்வு? யார் எழுதலாம்?

ரூட்டர், சுவிட்ச் போன்ற நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் 1998 முதல் நடத்திவரும் நெட்வொர்க்கிங் தேர்வு. இப்போது நடப்பதன் எண் 200-301. இது 2020 பிப்ரவரி 24 அன்று வந்தது. அதற்கு முன்பு ரூட்டிங்-சுவிட்சிங், செக்யூரிட்டி, வயர்லெஸ் என்று தனித்தனி சிசிஎன்ஏக்கள் இருந்தன. அவற்றைக் கலைத்துவிட்டு ஒரே தேர்வாக்கினார்கள். 2024 ஆகஸ்ட் 20 முதல் பாடத்திட்டத்தின் 1.1 பதிப்பு நடப்பில் இருக்கிறது.

நேரம் 120 நிமிடம். கட்டணம் 300 அமெரிக்க டாலர், வரி தனி. முன்தகுதி எதுவும் கிடையாது. பி.இ. படித்தவரும் எழுதலாம், பாலிடெக்னிக் படித்தவரும் எழுதலாம், பி.காம். முடித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவரும் எழுதலாம். எவ்வளவு எடுத்தால் பாஸ் என்று சிஸ்கோ வெளியே சொல்வதில்லை. அதனால் "இவ்வளவு எடுத்தால் போதும்" என்று யாராவது கணக்குப் போட்டுக் கொடுத்தால் காதில் வாங்காதீர்கள்.

நெட்வொர்க் பிளஸ் எழுதுவதா, சிசிஎன்ஏ எழுதுவதா?

நெட்வொர்க் பிளஸ் என்பது காம்ப்டியா என்ற அமைப்பு நடத்தும் தேர்வு. எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராதது. 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 கேள்விகள், 100-இலிருந்து 900 வரையான அளவுகோலில் 720 எடுத்தால் தேர்ச்சி. ஹெல்ப்டெஸ்க் வேலைக்கு அது போதும். ரூட்டர், சுவிட்ச் முன்னால் உட்கார்ந்து கமாண்ட் அடிக்கும் வேலை வேண்டுமென்றால் சிசிஎன்ஏ. இரண்டையும் எழுத நினைப்பவர்களிடம் நான் கேட்பது, காசு அவ்வளவு மிச்சம் இருக்கிறதா என்றுதான்.

அண்ணா, எத்தனை மாதம் படிக்க வேண்டும்?

வேலைக்குப் போய்க்கொண்டே தினமும் ஒன்றரை மணிநேரம் ஒதுக்க முடிந்தால் நாலைந்து மாதம். கல்லூரியில் நெட்வொர்க்கிங் ஓரளவு படித்திருந்தால் மூன்று மாதத்தில் முடிக்கலாம். "30 நாளில் சிசிஎன்ஏ" என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களை நம்ப வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிநேரம் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்ற திட்டம் எனக்கும் இருந்தது. அடுத்த ஞாயிறு வருவதற்குள் முந்தைய ஞாயிறு படித்ததில் பாதி போய்விடும். தினமும் கொஞ்சம் என்பது கேட்கச் சலிப்பாக இருந்தாலும் அதுதான் நிற்கிறது.

வீடியோ பாடம் முழுக்கப் பார்த்துவிட்டேன். நோட்ஸும் எடுத்தேன். மாதிரித் தேர்வில் ஐம்பதைத் தாண்டவில்லை. ஏன்?

என்னிடம் வரும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். முதல் தடவை நான் தோற்றதும் இதனால்தான்.

வீடியோவில் ஒருவர் ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் தங்களுக்குள் பேசிப் பாதை கண்டுபிடிக்கும் முறை) விளக்கும்போது தலையாட்டிக்கொண்டே பார்க்கிறோம். எல்லாம் புரிகிறது. புரிவது நிஜம். ஆனால் வேறொருவர் சொல்லும்போது தொடர்ந்து போக முடிவது ஒரு திறமை. வெறும் தாளை முன்னால் வைத்துக்கொண்டு நாமே எடுத்துச் சொல்வது இன்னொரு திறமை. தேர்வு கேட்பது இரண்டாவதை. கல்யாண வீட்டில் ஆயிரம் சாம்பார் சாப்பிட்டவருக்குச் சாம்பார் வைக்கத் தெரியும் என்று சொல்ல முடியுமா?

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களிடம் ஒரு சிறு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு முறையில் அதை இரண்டு தடவை படிக்க வேண்டும். இன்னொரு முறையில் ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுத வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தடவை படித்ததே முந்தியது: 81 விழுக்காடு, எழுதிப் பார்த்தது 75. ஒரு வாரம் கழித்துக் கணக்கு தலைகீழ். இரண்டு தடவை படித்ததில் 42 விழுக்காடுதான் மிஞ்சியது, எழுதிப் பார்த்ததில் 56. மறுபடி மறுபடி படிக்கும்போது வரும் அந்த "தெரியும்" என்ற உணர்வு ஐந்து நிமிட உணர்வு. உங்கள் தேர்வோ நாலு மாதம் கழித்து.

சரி, என்ன செய்வது? வீடியோ ஒன்று முடிந்ததும் லேப்டாப்பை மூடுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் அந்தப் பாடத்தை எழுதுங்கள், படம் போடுங்கள். திணறுகிற இடம் வரும். அங்கே உடனே திறந்து பார்க்காமல் இரண்டு நிமிடம் முட்டிப் பாருங்கள். அப்புறம் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவில் சேருங்கள். மறுநாள் காலை இன்னொரு தாளில் திரும்பவும். முதல் நாள் தாள் முழுக்கச் சிவப்பாக இருக்கும். பயப்பட வேண்டாம், எங்கே ஓட்டை இருக்கிறது என்று அந்தச் சிவப்புதான் காட்டும்.

நான் எல்லோருக்கும் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. 192.168.10.5 என்ற கணினி, 192.168.20.5 என்ற கணினிக்கு பிங் அடிக்கிறது, அதாவது "இருக்கிறாயா" என்று கேட்டு ஒரு செய்தி அனுப்புகிறது. இரண்டும் /24 (முகவரியின் முதல் 24 பிட் நெட்வொர்க்கைக் குறிக்கும்), வேறு வேறு விலான் (சுவிட்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்), நடுவில் ஒரு ரூட்டர். முதல் பிட் கிளம்புவதிலிருந்து பதில் வரும்வரை என்ன நடக்கிறது என்று தாள் பார்க்காமல் சொல்ல வேண்டும். அனுப்பும் கணினி, போக வேண்டிய முகவரி தன் நெட்வொர்க்கில் இல்லை என்று மாஸ்க்கை (அந்த /24 காட்டும் எல்லை) வைத்துக் கண்டுபிடிக்கிறது. அதனால் போய்ச் சேர வேண்டியவருக்கு ஏஆர்பி (ஐபி முகவரிக்குரிய மேக் முகவரி, அதாவது கருவியின் வன்பொருள் முகவரி எது என்று விசாரிப்பது) கேட்காமல் டீஃபால்ட் கேட்வேக்கு, அதாவது வெளியே போகும் வழியான ரூட்டருக்குக் கேட்கிறது. சுவிட்ச் அந்த ஃப்ரேமை (செய்தியைச் சுமக்கும் உறை) பார்த்து, அனுப்பியவரின் மேக் முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. ரூட்டர் பழைய ஃப்ரேமைக் கழற்றிவிட்டு, டிடிஎல்லில் (இன்னும் எத்தனை ரூட்டர் தாண்டலாம் என்ற எண்) ஒன்றைக் குறைத்து, புது மேக் முகவரிகளோடு அடுத்த பக்கம் அனுப்புகிறது. ஐபி முகவரிகள் அப்படியே இருக்கின்றன. பேக்கட் ட்ரேசரில் (கணினிக்குள்ளேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்கும் மென்பொருள்) முதல் பிங் மட்டும் அடிக்கடி தோற்றுப்போய் மீதி எல்லாம் போவதற்கும் காரணம் இந்த ஏஆர்பிதான். பதில் வருவதற்குள் முதல் பாக்கெட் கைவிடப்படுகிறது. இதைத் தடங்காமல் சொல்ல முடிகிறவர் பாடத்திட்டத்தில் கணிசமான பகுதியைக் கைக்குள் வைத்திருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

சப்நெட்டிங் (பெரிய நெட்வொர்க்கைச் சின்னச் சின்னதாகப் பிரிக்கும் கணக்கு) என்றாலே தலை சுற்றுகிறது. குறுக்குவழி உண்டா?

உண்டு. ஆனால் முதல் வாரம் பைனரியில் போட்டுப் பாருங்கள். எட்டு பிட்டை எழுதி, கோடு கிழித்து, இந்தப் பக்கம் நெட்வொர்க், அந்தப் பக்கம் ஹோஸ்ட் என்று கண்ணால் பார்த்தவருக்குத்தான் குறுக்குவழி பின்னால் கை கொடுக்கும்.

பைனரி புரிந்தபின் மனதில் நிற்க வேண்டியது ஒரே வரிசை: 128, 192, 224, 240, 248, 252, 254, 255. கடைசி ஆக்டெட்டில் (முகவரியில் புள்ளி வைத்துப் பிரித்த நாலு எண்ணில் ஒவ்வொன்றும் ஓர் ஆக்டெட்) /25 என்றால் 128, /26 என்றால் 192, இப்படியே போகும். மாஸ்க்கை 256-லிருந்து கழித்தால் கட்டத்தின் அளவு.

192.168.10.77/27 எந்த சப்நெட்டில் இருக்கிறது? /27 என்றால் 224. கட்டம் 256 - 224 = 32. முப்பத்திரண்டு முப்பத்திரண்டாக எண்ணுங்கள்: 0, 32, 64, 96. எழுபத்தேழு 64-க்கும் 96-க்கும் நடுவில். ஆக நெட்வொர்க் முகவரி .64, பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் முகவரி) .95, பயன்படுத்தக்கூடியவை .65 முதல் .94 வரை, மொத்தம் 30.

மூன்றாவது ஆக்டெட்டில் வந்தால்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 172.16.37.5/20-ஐ எடுங்கள். /20 என்றால் மூன்றாவது ஆக்டெட்டில் நாலு பிட், அதாவது 240. கட்டம் 16. 0, 16, 32, 48. முப்பத்தேழு 32-இல் தொடங்கும் கட்டத்தில் விழுகிறது. நெட்வொர்க் 172.16.32.0, பிராட்காஸ்ட் 172.16.47.255. பிராட்காஸ்ட்டை 172.16.32.255 என்று எழுதுவது இங்கே வழக்கமான தப்பு. மூன்றாவது ஆக்டெட்டிலும் மீதி நாலு பிட் ஹோஸ்ட்டுக்கு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இதைத் திருப்பியும் கேட்பார்கள். 50 கணினிகளுக்கு எவ்வளவு பெரிய சப்நெட்? இரண்டின் அடுக்கில் 50-ஐத் தாண்டுவது 64. நெட்வொர்க், பிராட்காஸ்ட் என்று இரண்டு கழித்தால் 62, எனவே /26.

தினமும் பத்துக் கணக்கு, காலையில் டீ ஆறுவதற்குள். ஒரு கணக்குக்கு இருபது விநாடி என்ற வேகம் வரும்வரை விடாதீர்கள். தேர்வில் சப்நெட்டிங் தனிக் கேள்வியாக மட்டும் வருவதில்லை. ஏசிஎல் (எதை விடு, எதைத் தடு என்ற விதிப்பட்டியல்) கேள்விக்குள் வைல்ட்கார்ட் மாஸ்க்காக (மாஸ்க்கைத் தலைகீழாக்கியது) வரும், ரூட்டிங் கேள்விக்குள் வரும், "இந்தக் கணினிக்கு ஏன் இணைப்பு இல்லை" என்பதற்குள் தப்பான மாஸ்க்காக ஒளிந்திருக்கும். கணக்கில் மெதுவாக இருந்தால் மற்ற எல்லாவற்றிலும் நேரம் போகும்.

மனப்பாடம் செய்ய வேண்டியது எவ்வளவு?

நினைப்பதைவிடக் குறைவு. ஆனால் இருப்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் எண்கள் (பாதை சொல்லும் முறைகளில் எதை அதிகம் நம்புவது என்பதற்கு, குறைவாக இருப்பதே மேல்): நேரடி இணைப்பு 0, ஸ்டாட்டிக் 1, வெளி பிஜிபி 20, ஈஐஜிஆர்பி 90, ஓஎஸ்பிஎஃப் 110, ரிப் 120. போர்ட் எண்கள் (எந்தச் சேவைக்கான தரவு என்று காட்டுபவை): எஸ்எஸ்எச் 22, டெல்நெட் 23, டிஎன்எஸ் 53, டிஎச்சிபி 67 மற்றும் 68, டிஎஃப்டிபி 69, என்டிபி 123, எஸ்என்எம்பி 161 மற்றும் 162, சிஸ்லாக் 514. ஈதர்நெட்டில் ஓஎஸ்பிஎஃப் ஹலோ ("நான் இருக்கிறேன்" என்ற செய்தி) 10 விநாடி, டெட் (ஹலோ வராவிட்டால் உறவை அறுக்கும் நேரம்) 40 விநாடி. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்சில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11.

சிஸ்லாக்கின் (கருவிகள் எழுதிவைக்கும் பதிவுச் செய்திகள்) எட்டு நிலைகளுக்கு ஆங்கிலத்தில் ஏதேதோ வாக்கியம் வைத்திருப்பார்கள். எனக்கு ஒட்டவில்லை. நான் கட்டியது இது: "எங்க அம்மா கிச்சன்ல எடுத்து வச்ச நொறுக்கு இன்னும் டின்லதான்." எமர்ஜென்சி, அலர்ட், கிரிட்டிக்கல், எரர், வார்னிங், நோட்டிஃபிகேஷன், இன்ஃபர்மேஷனல், டீபக்கிங். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள். லாகிங் நிலையை 4 என்று வைத்தால் 0 முதல் 4 வரை எல்லாம் பதிவாகும் என்பதும் கேள்வியாக வரும்.

இவற்றை நினைவில் வைக்க ஆங்கி என்ற கேள்வி-பதில் அட்டைச் செயலி போதும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. சரியாகச் சொன்ன அட்டை பல நாள் கழித்து வரும், தப்பாகச் சொன்னது சீக்கிரம் திரும்பி வரும். செயலி பிடிக்காதவர்கள் அட்டைகளை வெட்டி மூன்று டப்பாவில் போட்டுக்கொள்ளலாம்: தினமும் பார்ப்பது, மூன்று நாளுக்கொருமுறை, வாரத்துக்கொருமுறை. அடுத்தவர் செய்த அட்டைக் கட்டை இறக்கிக்கொள்வதைவிட, தான் செய்த இருநூறு அட்டை மேல். அட்டை எழுதும்போதே பாதி ஏறிவிடும்.

நிஜ ரூட்டர் வாங்க வேண்டுமா?

வேண்டாம். சிஸ்கோவின் பேக்கட் ட்ரேசர் போதும். நெட்வொர்க்கிங் அகாடமி தளத்தில் கணக்குத் தொடங்கினால் இலவசம். இன்னும் ஆழமாகப் போக ஆசைப்பட்டால் ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி என்ற மென்பொருள்கள் இருக்கின்றன. சிசிஎன்ஏவுக்கு அவை கட்டாயமில்லை. பழைய சுவிட்ச் ஒன்றை சென்னை ரிச்சி தெருவில் மலிவாக வாங்கி வீட்டில் வைத்திருக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அதன் ஃபேன் சத்தத்தில் வீட்டில் சண்டை வந்ததுதான் அவர்கள் முதலில் கற்ற பாடம்.

லேப் செய்கிறேன், ஆனால் வீடியோவில் வருவதைப் பார்த்து அப்படியே அடிக்கிறேன். அது போதுமா?

போதாது. அது தட்டச்சுப் பயிற்சி. இப்போது தேர்வில் கமாண்ட் அடித்துச் செய்து காட்ட வேண்டிய லேப் கேள்விகளும் வருகின்றன. ஒரு வரிக்கு இன்னொரு வரி ஏன் என்று தெரியாதவருக்கு அங்கே கை நின்றுவிடும்.

நான் சொல்வது மூன்று கட்டம். முதல் நாள் பார்த்துச் செய்யுங்கள். மறுநாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கேள்வியை மட்டும் வைத்துப் பார்க்காமல் செய்யுங்கள். மூன்றாவது நாள்தான் முக்கியம்: நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை நீங்களே உடையுங்கள்.

ஓஎஸ்பிஎஃப் ஓடுகிறதா? ஒரு பக்கம் ஹலோ டைமரை மட்டும் மாற்றுங்கள். உறவு உடனே அறுந்துவிடாது, டெட் டைமர் தீரும்வரை நிற்கும், அப்புறம் விழும். "ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்" (உறவில் இருக்கும் பக்கத்து ரூட்டர்களைக் காட்டும் கமாண்ட்) வெறுமையாகக் காட்டும். சரிசெய்துவிட்டு அடுத்து ஏரியா எண்ணை மாற்றுங்கள். அடுத்து பாஸிவ் இன்டர்ஃபேஸ் (ஹலோ அனுப்பாமல் நிறுத்துவது) போடுங்கள். மூன்றிலும் விளைவு ஒன்றுதான், நெய்பர் இல்லை. காரணம் மூன்று. எந்த ஷோ கமாண்ட் எந்தக் காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது என்று குறித்துவையுங்கள்.

ட்ரங்க்கில் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு) அனுமதிக்கப்பட்ட விலான் பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்துவிடுங்கள். அந்த விலான்காரர் மட்டும் ஊமையாவார், மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. டிஎச்சிபி சர்வரை (கணினிகளுக்கு ஐபி முகவரி தருவது) வேறு நெட்வொர்க்கில் வைத்துவிட்டு, அங்கே கோரிக்கையைக் கொண்டுபோகும் ஹெல்ப்பர் அட்ரஸ் கமாண்டை நீக்குங்கள். ஏசிஎல்லில் ஒரே ஒரு டினை (தடு) வரி மட்டும் எழுதிப் பாருங்கள், கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் "எல்லாவற்றையும் தடு" என்ற விதி மொத்தப் போக்குவரத்தையும் விழுங்கும். எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து பாதுகாப்பாகக் கருவிக்குள் நுழையும் வழி) அமைக்கும்போது ஹோஸ்ட்நேம், டொமைன் பெயர், ஆர்எஸ்ஏ சாவி, பயனர் பெயர், விடிஒய் வரிகளில் லாகின் லோக்கல், டிரான்ஸ்போர்ட் இன்புட் என்று ஒரு சங்கிலி இருக்கிறது. ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றி, என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

நண்பர் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. அவர் கெடுத்துவைத்த ஃபைலை நீங்கள் திருத்துங்கள், நீங்கள் கெடுத்ததை அவர். வேலைக்குச் சேர்ந்த பின் உங்கள் நாள் இப்படித்தான் போகப்போகிறது, கெடுத்தவர் யாரென்று மட்டும் தெரியாது.

பாடத்திட்டத்தில் எதற்கு அதிக நேரம் கொடுப்பது?

சிஸ்கோவே எடை சொல்லியிருக்கிறது. நெட்வொர்க் அடிப்படை 20 விழுக்காடு, நெட்வொர்க் அணுகல் 20, ஐபி இணைப்பு 25, ஐபி சேவைகள் 10, பாதுகாப்பு அடிப்படை 15, ஆட்டோமேஷன் 10. முதல் மூன்றும் சேர்ந்து 65. அங்கே நேரத்தைக் கொட்டுங்கள். ஆனால் ஆட்டோமேஷன் பத்துதானே என்று கடைசி வாரத்துக்குத் தள்ளுவது முட்டாள்தனம். ஜேசன் (தரவு எழுதும் ஒரு வடிவம்) படிக்கத் தெரிவது, ரெஸ்ட் ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) வினைச்சொற்கள், கன்ட்ரோலர் (பல கருவிகளை ஓரிடத்திலிருந்து நடத்துவது) என்றால் என்ன, பெரும்பாலும் இவ்வளவுதான். ஒரு வாரத்தில் முடியும் எளிய மதிப்பெண்கள் அவை.

ஐபி இணைப்பில் எல்லோரும் சறுக்கும் ஓர் இடம் சொல்கிறேன். ரூட்டிங் டேபிளில் மூன்று வழிகள்: 10.0.0.0/8 ஸ்டாட்டிக், 10.1.0.0/16 ஓஎஸ்பிஎஃப், 10.1.1.0/24 ரிப். 10.1.1.9-க்குப் போகும் பாக்கெட் எந்த வழியில் போகும்? ஸ்டாட்டிக்குக்குத்தானே டிஸ்டன்ஸ் குறைவு என்று பலரும் அதைத் தேர்ந்தெடுப்பார்கள். போவது ரிப் வழியில். நீளமான ப்ரீஃபிக்ஸ்தான் (சாய்கோட்டுக்குப் பின் பெரிய எண் உள்ளது) முதலில் பார்க்கப்படும். அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் என்பது ஒரே நெட்வொர்க்கை, ஒரே மாஸ்க்கோடு, இரண்டு வழிமுறைகள் சொல்லும்போது எதை டேபிளுக்குள் விடுவது என்று தீர்மானிக்க மட்டும். 10.1.2.9-க்கு என்றால்? அது உங்களுக்கு.

அண்ணன் கொடுத்த 2018 நோட்ஸ் இருக்கிறது. அதை வைத்துப் படிக்கலாமா?

சப்நெட்டிங்கும் ஓஎஸ்பிஎஃபும் மாறவில்லை, அவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் ரிப், ஈஐஜிஆர்பி, ஃப்ரேம் ரிலே கான்ஃபிகரேஷன் என்று பக்கம் பக்கமாக இருந்தால் தாண்டிப் போங்கள். வயர்லெஸ் கன்ட்ரோலர், ஆட்டோமேஷன் போன்றவை அதில் சரியாக இருக்காது. 1.1 பதிப்பில் டெர்ராஃபார்ம் (ஆட்டோமேஷன் கருவி ஒன்று), செயற்கை நுண்ணறிவு பற்றிய சில வரிகளும் சேர்ந்திருக்கின்றன. சிஸ்கோ தளத்தில் பாடத்திட்டம் பிடிஎஃப்பாக இலவசமாகக் கிடைக்கிறது. அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். அதில் "கான்ஃபிகர்" என்று தொடங்கும் வரிகளைக் கையால் செய்யத் தெரிய வேண்டும், "டிஸ்கிரைப்" என்று தொடங்குவதை வாயால் சொல்லத் தெரிந்தால் போதும். எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை அந்த ஒற்றை வினைச்சொல் சொல்லிவிடுகிறது.

டம்ப் (வெளியே கசிந்த தேர்வுக் கேள்வி-விடைத் தொகுப்பு) படித்து எழுதினால் பாஸ் ஆகிவிடலாம் என்கிறார்களே?

சிலர் ஆகியிருக்கிறார்கள், பொய் சொல்ல மாட்டேன். அது தேர்வுக்கு முன் நீங்கள் ஒப்புக்கொள்ளும் விதிகளை மீறுவது. பிடிபட்டால் மதிப்பெண் ரத்தாகும், மறுபடி எழுதவும் தடை வரும். அந்த டம்ப்களில் இருக்கும் விடைகளில் தப்பானவையும் நிறைய. எல்லாவற்றுக்கும் மேல், நேர்முகத்தில் நான் கேட்கும் முதல் கேள்வி மேலே சொன்ன பிங் கதைதான். டம்ப் படித்து வந்தவர் ஏஆர்பியிலேயே நின்றுவிடுவார்.

பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் கேள்வி புரியுமா என்று பயமாக இருக்கிறது.

தேர்வு ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும்தான் இருக்கிறது. தமிழ் இல்லை. நானும் தமிழ் வழியில் படித்தவன்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: இந்தத் தேர்வின் ஆங்கிலம் கதைப் புத்தக ஆங்கிலம் இல்லை. ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வரும். நூறு மாதிரிக் கேள்வி படித்தால் அந்த நடை பழகிவிடும்.

பாடத்தைத் தமிழில் புரிந்துகொள்ளுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. அம்மாவிடமோ தம்பியிடமோ தமிழில் விளக்கிச் சொல்லிப் பாருங்கள். விலான் என்பது ஒரே வீட்டைத் தடுப்பு வைத்து மூன்று குடித்தனமாகப் பிரித்தது மாதிரி என்று சொல்லத் தோன்றினால் உங்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஆனால் கலைச்சொற்களையும் கமாண்டுகளையும் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள்.

மாதிரிக் கேள்விகளில் சின்னச் சொற்களை வட்டமிடுங்கள்: நாட், பெஸ்ட், ஃபர்ஸ்ட், ஒன்லி, டூ. "இரண்டைத் தேர்ந்தெடு" என்பதைக் கவனிக்காமல் ஒன்றோடு போனவர்கள் உண்டு. நீளமான கேள்வியென்றால் கடைசி வாக்கியத்தை முதலில் படியுங்கள். என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்தபின் மேலே இருக்கும் கதையைப் படித்தால் எது தேவை, எது சும்மா என்று பிரித்துவிடலாம்.

மாதிரித் தேர்வை எப்போது எழுதுவது?

பாடத்தை ஒரு சுற்று முடித்ததும். கடைசி வாரத்துக்கு என்று சேமித்துவைக்காதீர்கள். மதிப்பெண்ணைவிடத் தப்பான விடைகள்தான் சொத்து. ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு தப்புக்கும் காரணம் எழுதுங்கள்: தெரியவில்லையா, தெரிந்தும் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா, இரண்டு விடைக்கு நடுவில் ஊசலாடினீர்களா? என் நோட்டில் மூன்றில் ஒரு பங்கு "கேள்வியைப் படிக்கவில்லை" என்று இருந்தது. அதற்கு எத்தனை வீடியோ பார்த்தாலும் மருந்து கிடையாது. குருட்டாம்போக்கில் சரியான விடையையும் அந்த நோட்டில் சேருங்கள்.

ஒரே மாதிரித் தேர்வை மூன்றாம் முறை எழுதி 95 வாங்கினால் சந்தோஷப்பட வேண்டாம். கேள்விகள் மனப்பாடமாகிவிட்டன, அவ்வளவுதான்.

தேர்வு மையத்தில் எழுதுவதா, வீட்டிலா?

இரண்டும் முடியும், தேர்வை நடத்தித் தரும் பியர்சன் வியூ நிறுவனம் மூலம். நான் மையத்தைத்தான் சொல்வேன். வீட்டில் எழுதினால் கேமரா உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பாட்டி கதவைத் திறந்து "காபி வேணுமா" என்று கேட்டால் தேர்வு அதோடு நின்றுபோகலாம். மின்வெட்டு, இணையம் எல்லாம் உங்கள் பொறுப்பு. சப்நெட் கணக்குப் போடத் தாளும் பேனாவும் வைத்துக்கொள்ள முடியாது, திரையில் ஒரு டிஜிட்டல் பலகை தருவார்கள், மவுசால் எண் எழுதுவது அவஸ்தை. மையத்தில் அழித்து எழுதும் பலகையும் பேனாவும் கிடைக்கும்.

பதிவு செய்யும்போது பெயரில் கவனம். நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் ஒரு தொல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், ஓட்டுநர் உரிமத்தில் ஓர் எழுத்து மட்டும், கல்லூரிச் சான்றிதழில் இனிஷியல் பின்னால். தேர்வுக்குப் பதிந்த பெயரும் காட்டும் அடையாள அட்டையின் பெயரும் பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டணமும் போகும். எந்த அட்டையை எடுத்துப் போகப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதிலிருப்பதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே பதியுங்கள்.

தேர்வில் பின்னால் போய் விடையை மாற்ற முடியுமா?

முடியாது. அடுத்தது என்று அழுத்தினால் அந்தக் கேள்வி போனது போனதுதான். பள்ளிக்கூடத்தில் "தெரிந்ததை முதலில் எழுது" என்று சொல்லிக்கொடுத்தது இங்கே செல்லாது. தெரியாததில் இரண்டு விடையை நீக்கிவிட்டு மீதியில் ஒன்றைக் குறித்துவிட்டு நகருங்கள். ஒரே லேப் கேள்வியில் கால் மணிநேரம் உட்கார்ந்துவிடாதீர்கள். வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போதும் பின்னால் போகாமல் எழுதிப் பழகுங்கள்.

தோற்றுவிட்டேன். இப்போது?

அன்றைக்கு ஒன்றும் படிக்க வேண்டாம். நான் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

விதிப்படி ஐந்து நாள் காத்திருந்தால் மறுபடி எழுதலாம், முழுக் கட்டணத்தோடு. ஐந்தே நாளில் போகாதீர்கள், மூன்று நாலு வாரம் எடுங்கள். பகுதிவாரியாக எவ்வளவு விழுக்காடு என்று அறிக்கை தருவார்கள். எனக்கு ஐபி இணைப்பில் அடி. ஓஎஸ்பிஎஃப் எனக்கு அத்துப்படி என்று நினைத்திருந்தேன், ஏனென்றால் அந்த வீடியோவைத்தான் அதிகத் தடவை பார்த்திருந்தேன். அடுத்த நாலு வாரம் ஒரு வீடியோகூடத் திறக்கவில்லை. வெள்ளைத்தாள், பேக்கட் ட்ரேசர், தப்பு நோட்டு, இந்த மூன்றோடுதான் இருந்தேன்.

தேறியபின் எத்தனை நாள் செல்லும்?

மூன்று வருடம். அதற்குள் ஏதாவது மேல்நிலைத் தேர்வில் தேறினாலோ, சிஸ்கோ ஏற்கும் தொடர்கல்வியில் 30 புள்ளி சேர்த்தாலோ புதுப்பித்துக்கொள்ளலாம். அவ்வப்போது சிஸ்கோ இலவசமாகவே சில பாடங்களுக்குப் புள்ளி தருவதுண்டு, மின்னஞ்சலைக் குப்பைப் பெட்டிக்கு அனுப்பிவிடாதீர்கள். தேதியை ஃபோன் காலண்டரில் ஆறு மாதம் முன்னதாகவே குறித்துவையுங்கள். ஒரு நாள் தாண்டினாலும் பழையபடி முழுத் தேர்வுதான்.

அப்புறம், 10.1.2.9-க்கு விடை ஓஎஸ்பிஎஃப் வழி. /24-க்குள் அது அடங்காது, மீதியில் /16 நீளமானது.